நாய் வாயைத் திறந்தால் பிராதுதான்

நாய் பேசுகிற கதை என்றால் எனக்கு ஒரு பலவீனம். பின்னட்டையில் ‘ஒரு நாய் சொல்லும் கதை’ என்று போட்டிருந்தால் போதும், விலையைக்கூடப் பார்க்காமல் எடுத்துவிடுவேன். வீட்டில் இதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். “தெருவுல ஒண்ணு விடிய விடிய ஊளையிடுது, அது என்னன்னு எட்டிப் பாக்கமாட்டீங்க. காசு குடுத்து வெள்ளக்கார நாய் பேசறதப் படிக்கீங்க” என்பாள் மனைவி. எங்கள் பாபநாசத்துப் பேச்சில் அடி இப்படித்தான் விழும், நேராக நெஞ்சில்.

அவள் கேட்டதில் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. வெள்ளைக்கார நாய் இவ்வளவு பேசியிருக்கிறதே, நம்ம ஊர் நாய் பேசினால் என்ன சொல்லும்? கொஞ்ச காலமாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கிடைத்த பதில் கொஞ்சம் விவகாரமானது.

முதலில் இந்தக் கதைகள் ஏன் இழுக்கின்றன என்று சொல்லிவிடுகிறேன். நாய் பாசமானது, அதனால் பிடிக்கிறது என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். பாசம் வேண்டுமென்றால் நாயையே வளர்க்கலாமே, கதை எதற்கு? செக்கோவ் 1887-இல் எழுதிய ‘கஷ்தான்கா’வை எடுத்துக்கொள்ளுங்கள். தச்சன் வீட்டு நாய் அது. அதன் கணக்கில் மனிதர்கள் இரண்டே ஜாதி: எஜமானர்கள், வாடிக்கையாளர்கள். முதல் வகை இதை அடிக்கலாம். இரண்டாம் வகையின் கெண்டைக்காலை இது கடிக்கலாம். உலகம் முழுக்க அவ்வளவுதான். தச்சுக் கடை வாசலில் பிறந்த நாய்க்கு உலகம் வேறு எப்படித் தெரியும்? தொலைந்துபோய் ஒரு சர்க்கஸ்காரனிடம் மாட்டுகிறது. நல்ல சாப்பாடு, நல்ல மனுஷன். ஆனாலும் ஒருநாள் கூட்டத்தில் பழைய குரல் கேட்டதும் அந்தக் குடிகாரத் தச்சனிடமே ஓடிவிடுகிறது. ஏன் என்று செக்கோவ் விளக்குவதில்லை. நாய்க்குத் தெரியாததை நாமாகத் தெரிந்துகொள்கிறோம். அந்த இடைவெளியில்தான் ருசி இருக்கிறது. நாய் பாதி பார்க்கும், மீதியை நாம் பார்க்கவேண்டும்.

இந்த இடைவெளியை மூடிவிடுகிற கதைகள் எனக்கு ஆகாது. நாய் செத்துச் செத்துப் பிறந்து வாழ்க்கையின் பொருளைத் தேடுவது, எஜமான் கல்யாணத்தைச் சேர்த்துவைப்பது, கடைசி அத்தியாயத்தில் தத்துவம் பேசிவிட்டுக் கண்ணை மூடுவது. இதெல்லாம் நாய்த் தோல் போர்த்திய சாமியார்கள். அழவைத்துவிடும், நான் இல்லையென்று சொல்லவில்லை. வெங்காயமும்தான் அழவைக்கிறது.

செர்வாண்டிஸ் வேறு ரகம். ‘டான் குயிக்சாட்’ எழுதிய அதே ஆள். 1613-இல் வந்த கதைத் தொகுப்பில், வல்லதோலித் ஊர் ஆஸ்பத்திரியில் ராத்திரி நேரத்தில் இரண்டு நாய்கள் பேசிக்கொள்கின்றன. ஒட்டுக் கேட்பவன் பாயில் கிடக்கிற ஒரு நோயாளிச் சிப்பாய். சிபியோன், பெர்கன்சா என்று நாய்களுக்குப் பெயர். பெர்கன்சா தன் கதையைச் சொல்கிறது: கசாப்புக் கூடம், ஆட்டுக் கிடை, வியாபாரி வீடு, காவலதிகாரி, பட்டாளம், ஜிப்சிகள், கவிஞன் என்று எஜமானுக்கு எஜமான் மாறி வந்த கதை. கிடையில் தினம் ஓர் ஆடு சாகிறது. ஓநாய் வந்தது என்று இடையர்கள் கத்துகிறார்கள், நாய்கள் இருட்டில் காடெல்லாம் ஓடித் திரும்புகின்றன. ஓநாயைக் காணோம். ஒருநாள் பெர்கன்சா ஓடாமல் புதருக்குள் பதுங்கிப் பார்க்கிறது. ஆட்டைக் கொல்வது அந்த இடையர்களேதான். கொன்று நல்ல கறியைத் தாங்கள் எடுத்துக்கொண்டு, பழியை ஓநாய்மேல் போடுகிறார்கள். காவலுக்கு இருப்பவனே திருடன் என்று கண்டுகொண்ட நாய் யாரிடம் போய்ச் சொல்லும்? வாய்தான் இல்லையே. நாய்க்குக் குரல் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று நானூறு வருஷத்துக்கு முன்பே அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. நாய் எல்லா வீட்டுக் கொல்லைப்புறத்தையும் பார்த்திருக்கிறது, அதை யாரும் சாட்சியாக மதிப்பதுமில்லை. கதை சொல்ல இதைவிடத் தோதான ஆள் கிடைக்குமா?

புல்ககோவின் ‘நாயின் இதயம்’ பற்றியும் ஒரு வார்த்தை. எழுதியது 1925-இல், சோவியத் நாட்டில் அச்சேறியது 1987-இல். வெந்நீர் ஊற்றி விலா வெந்துபோன மாஸ்கோ தெருநாய் ஷாரிக், பனியில் நடுங்கிக்கொண்டே தனக்குள் புலம்புகிற முதல் அத்தியாயம்தான் எனக்கு உயிர். அப்புறம் ஒரு பேராசிரியர் அதற்கு மனிதச் சுரப்பிகளை வைத்துத் தைக்கிறார், நாய் நிஜமாகவே பேச ஆரம்பிக்கிறது, குடிக்கிறது, கெட்ட வார்த்தை பேசுகிறது, அரசாங்க உத்தியோகம் வாங்கிப் பூனை பிடிக்கிறது. வாய் வந்ததும் நாய் போய்விட்டது.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். தமிழில் மனிதனல்லாத ஒன்று கதை சொல்வது புதுசே இல்லை. நவீனச் சிறுகதையே அப்படித்தான் ஆரம்பித்தது என்று பலர் சொல்வார்கள். வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’, 1915. ருக்மிணியின் கதையை மரம் சொல்கிறது. தாகூரின் ‘படித்துறையின் கதை’யைத் தழுவியது என்ற விவாதம் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. பாரதி ‘காக்காய் பார்லிமெண்ட்’ எழுதினார். புதுமைப்பித்தன் ‘கட்டில் பேசுகிறது’ என்று ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பேசவைத்தார். பள்ளிக்கூடத்தில் தன்வரலாற்றுக் கட்டுரை என்று நாம் எத்தனை எழுதியிருப்போம்! பேனா பேசியது, ஆறு பேசியது, கிழிந்த ஐந்து ரூபாய் நோட்டுகூடப் பேசியது. தேடித்தேடி யோசித்தாலும் நாய் மட்டும் அபூர்வம்.

ஐயரை நினைத்தால் எங்கள் ஊர்க்காரனுக்கு வேறொன்றும் ஞாபகம் வரும். 1925 ஜூனில் அவர் இறந்தது இங்கேதான், பாபநாசம் அருவியில். தவறி விழுந்த மகள் சுபத்திரையைக் காப்பாற்றக் குதித்துத் தானும் போனார். அவர் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம் நடத்தியவர். அந்தக் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியாகச் சாப்பாடு போட்ட விவகாரம் பெரியாரையும் வரதராஜுலு நாயுடுவையும் கொதிக்கவைத்து, தமிழக அரசியலையே திருப்பிவிட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கற்பனை. அந்த அடுக்களைக்குப் பின்னால் ஒரு நாய் கிடந்திருக்கும் இல்லையா? கிடக்காத அடுக்களை ஏது? இரண்டு பந்தி எச்சில் இலையும் அதற்கு முன்னால்தான் வந்து விழுந்திருக்கும். எந்த இலையில் என்ன மிச்சம் என்று துல்லியமாகத் தெரிந்த ஒரே ஜீவன் அதுதான். குளத்தங்கரையில் ஆணியடித்த மாதிரி நிற்கிற மரத்துக்கு வாய் கொடுத்தவர், வளவுக்கு வளவு போய்வருகிற நாய்க்கும் கொடுத்திருக்கலாம்.

நம் ஊரில் நாய் கதை சொல்லவில்லையே தவிர, அடியோடு பேசாமலும் இருந்துவிடவில்லை. பழைய புராணங்களைத் தட்டிப் பார்த்தால் பேசுகிறது. அது பேசும் இடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. எல்லா இடத்திலும் அது ஒரே காரியத்துக்குத்தான் வாயைத் திறக்கிறது: பிராது கொடுக்க.

மகாபாரதம், ஆதிபர்வம். ஜனமேஜயனும் தம்பிமார்களும் குருக்ஷேத்திரத்தில் யாகம் செய்கிறார்கள். சரமை என்கிற தெய்வ நாயின் குட்டி அந்தப் பக்கம் வருகிறது, தம்பிகள் அடித்துவிடுகிறார்கள். குட்டி அழுதுகொண்டே போகிறது. நெய்யை நக்கவில்லை, பார்க்கக்கூட இல்லை, சும்மா அடித்தார்கள் என்று அம்மாவிடம் சொல்கிறது. அம்மா நேரே யாகசாலைக்கே வந்து கேட்கிறாள்: என் பிள்ளை என்ன தப்பு செய்தான்? யாரும் பதில் சொல்லவில்லை. சாபம் கொடுத்துவிட்டுப் போகிறாள். இவ்வளவு பெரிய இதிகாசத்தின் வாசலிலேயே ஒரு நாய்த் தாய் நியாயம் கேட்டு நிற்கிறாள். கடைசியில் தருமனோடு சொர்க்கம் வரை நடக்கிற நாயை எல்லோரும் சொல்வார்கள். வாசலில் நின்றவளை யாரும் சொல்வதில்லை.

ஜாதகக் கதைகளில் ஒன்று. காசி ராஜாவின் தேர் மழையில் நனைந்து கிடக்க, தோல் வாரை நாய்கள் தின்றுவிடுகின்றன. ஊர் நாயையெல்லாம் கொல்லச் சொல்லி உத்தரவு. அரண்மனை நாய்களுக்கு மட்டும் விலக்கு. சுடுகாட்டு நாய்களின் தலைவன் (அவர்தான் போதிசத்துவர்) தைரியமாக சபைக்குள் போய், தின்றது யார் என்று காட்டட்டுமா என்று கேட்கிறது. மோரில் தர்ப்பையைக் கலந்து அரண்மனை நாய்களுக்குக் கொடுக்கச் சொல்கிறது. அத்தனையும் தோலாக வாந்தி எடுக்கின்றன. 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்து அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, அதே மாதம் திருத்தியபோது எனக்கு இந்தக் கதைதான் ஓடியது. கடிபட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊசிக்கு ஓடுகிறவர்களின் கோபம் பொய்யில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வெறிநாய்க்கடி விளையாட்டில்லை. ஆனால் அந்த விவாதத்தில் எல்லாத் தரப்புக்கும் வக்கீல் இருந்தார்கள், சுடுகாட்டுத் தலைவன் மட்டும் வரவில்லை.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது ராமர் சபைக்கு வந்த நாய். உத்தரகாண்டத்தில் இடைச்செருகல் என்று ஒதுக்குகிற பகுதியில் வருகிறது, உபன்யாசங்களில் கேட்டிருப்பீர்கள். பிராதுக்காரர் யாராவது உண்டா என்று வாசலில் பார்த்துவரச் சொல்கிறார் ராமர். ராமராஜ்யம், யார் வருவார்? லக்ஷ்மணன் திரும்பப் போய்ப் பார்த்தால் மண்டை பிளந்த ஒரு நாய் நிற்கிறது. உள்ளே வா என்றால் வரமாட்டேன் என்கிறது. ராஜா வீட்டுக்குள் நுழைய எங்களுக்கு உரிமையில்லை, அவரே கூப்பிட்டால் வருகிறேன் என்கிறது. எவ்வளவு விவரம் பாருங்கள்! வந்து சொல்கிறது: பிச்சைக்கு வந்த ஒரு பிராமணர் காரணமில்லாமல் தடியால் அடித்துவிட்டார். அவரும் ஒப்புக்கொள்கிறார். பசி, வழியில் படுத்துக் கிடந்தது, போ என்றேன், போகவில்லை, கோபத்தில் அடித்தேன். சபையில் இருந்தவர்கள் பிராமணருக்குத் தண்டனை கிடையாதே என்று இழுக்கிறார்கள். அப்போது நாய் சொல்கிறது: எனக்கு ஒன்று செய்யுங்கள், அவரைக் காலஞ்சரத்து மடத்துக்குத் தலைவராக்கிவிடுங்கள். ராமரும் ஆக்குகிறார். அவர் யானைமேல் ஏறிச் சந்தோஷமாகப் போகிறார். இது தண்டனையா, வரமா என்று மந்திரிகள் சிரிக்கிறார்கள். நாய் சொல்கிறது: போன ஜன்மத்தில் அந்த மடத்துக்கு நான்தான் தலைவன். ஒழுங்காகத்தான் இருந்தேன். எனக்கே இந்தக் கதி. இந்தக் கோபக்காரருக்கு என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மடம், அறக்கட்டளை, கோயில் கமிட்டி என்று பதவிக்கு அலைகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நாய் ஞாபகம் வந்துவிடும். வேறு யார் வாயில் இந்த வார்த்தையை வைத்தாலும் வயிற்றெரிச்சல் என்று சொல்லியிருப்பார்கள்.

எங்கள் பாபநாசநாதர் கோயில் முன்னால் படித்துறை இருக்கிறது. தர்ப்பணம் கொடுக்க, பாவத்தைக் கழுவ, எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். முழுகி எழுந்ததும் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போவது வழக்கமாகிப்போச்சு. தாமிரபரணியிலிருந்து அள்ளி மாளவில்லை. கரையில் ஒதுங்கிய துணிக் குவியலில் காவி வேட்டியாகப் பார்த்து ஒரு செவலைப் பெட்டை படுத்திருக்கும். வலது காது நுனி கிழிந்திருக்கும். புதிதாக யாராவது படியிறங்கினால் தலையைத் தூக்காமல் மூக்கை மட்டும் அசைக்கும். பிண்டம் வைத்தால் எழுந்து போய், காக்கை வருவதற்குள் ஒரு வாய். அந்தக் குவியலில் எத்தனை பேருடைய பாவம் என்று மூக்காலேயே பிரித்துச் சொல்ல அதற்கு முடியும். அது வாயைத் திறந்தால் ஊரில் பலபேர் ராத்திரியோடு ராத்திரியாக ஜாகை மாற்றவேண்டியதுதான்.

நவீன தமிழில் ஒரே ஒரு பேசும் நாய் வீட்டுக்கு வீடு புகழ் பெற்றது. ஜீனோ. எண்பதுகளில் ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய ‘என் இனிய இயந்திரா’. பிற்பாடு தூர்தர்ஷனிலும் வந்தது. குழந்தை பெற அரசாங்கத்திடம் அனுமதி வாங்கவேண்டிய எதிர்காலம். ஜீவா என்கிற சர்வாதிகாரி. புருஷனைத் தொலைத்த நிலா. இவர்கள் நடுவில் ஒரு குட்டி இயந்திர நாய். புத்தகம் படிக்கும், நக்கல் அடிக்கும். எஜமான் சொன்னதைச் செய்ய வந்த பொம்மை, போகப்போகக் கேள்வி கேட்க ஆரம்பிக்கிறது. வாசகர்கள் மனிதர்களை விட்டுவிட்டு நாயைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாம் பாகத்துக்குத் தலைப்பே ‘மீண்டும் ஜீனோ’. இயந்திரமாக இருந்ததால்தான் ஜீனோவை நாம் ஒப்புக்கொண்டோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பேட்டரி போட்ட நாய் புத்திசாலியாக இருக்கலாம், சொறி பிடித்த நாய் இருக்கக்கூடாது. சினிமாவில் நாய்க்கு டப்பிங் கொடுத்துப் பேசவைத்ததையும் பார்த்தேன். சிரிப்பு வந்தது, நாய் வரவில்லை.

பேசாமலே பேசிய நாய் என்றால் எங்கள் பக்கத்துக் கருப்பிதான். மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’, 2018. கருப்பியைத் தண்டவாளத்தில் கட்டிவைத்துக் கொல்கிறார்கள். அதற்கு வசனம் கிடையாது. நீல நிறத்தில் திரும்ப வரும்போதும் கிடையாது. ஆனால் சரமை யாகசாலையில் கேட்ட அதே கேள்விதான் படம் முழுக்க ஓடுகிறது: என் பிள்ளை என்ன தப்பு செய்தான்? திருநெல்வேலித் தியேட்டரில் அந்தத் தண்டவாளக் காட்சியில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வெளியே போய் நின்றுவிட்டார். இடைவேளையில் பார்த்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு டீ குடிக்கிறார்.

கருப்பிக்கு முன்னாலேயே எங்கள் மலையில் ஒரு நாய் உண்டு. பாபநாசத்திலிருந்து காரையார் போகிற வழியில் சொரிமுத்தையனார் கோயில். ஆடி அமாவாசைக்கு ஜனம் குடில் போட்டுத் தங்கும். அங்கே பட்டவராயன் சந்நிதியில் தோல் செருப்பைக் காணிக்கையாகப் போடுவார்கள். அவர் கதைதான் வில்லுப்பாட்டில் பாடுகிற முத்துப்பட்டன் கதை. நா. வானமாமலை பதிப்பித்து, மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் புத்தகமாகப் போட்டது. பிராமணப் பையன் முத்துப்பட்டன், வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்புகிறான். குடுமியை அறு, பூணூலை அறு, செருப்புத் தைக்கப் பழகு என்கிறார் மாமனார். எல்லாம் செய்கிறான், கல்யாணம் நடக்கிறது. அன்றைக்கே மாடு திருட வந்தவர்களோடு சண்டைக்குப் போகிறான், ஜெயித்த பிறகு மறைந்திருந்த ஒருவன் குத்திவிடுகிறான். கூடப் போன நாய்தான் சாவுச் சேதியோடு பெண்களிடம் ஓடிவருகிறது. பாடுகிறவரைப் பொறுத்து இந்த இடம் நீளும், குறுகும்.

வில்லுப்பாட்டு என்றால் விடியும்வரை உட்காருகிற சித்தப்பா ஒருவர் எனக்கு உண்டு. மில்லில் வேலை பார்த்து ஓய்வானவர். அவரிடம் கேட்டேன்: “சித்தப்பா, அந்த நாய் எப்படிச் சேதி சொல்லுச்சு? வாயத் தொறந்து பேசுச்சா?”

“நாய் என்னத்தல பேசும்? ரத்தத்தோட தனியா வந்து நின்னா, பொம்பளைக்குத் தெரியாதா?”

கதை எழுதச் சொல்லிக் கொடுக்கிற பட்டறைகளில் இதைவிட நல்ல பாடம் நான் கேட்டதில்லை.

அந்த நாயை நினைத்துப் பாருங்கள். பட்டன் பூணூலை அறுத்தபோதும், மாட்டுத் தோலை மடியில் வைத்து ஊசி குத்திப் பழகியபோதும் சுற்றிச் சுற்றி வந்திருக்கும். கல்யாணத்தில் என்ன சமைத்தார்கள் என்று தெரிந்திருக்கும். குத்தியவன் எந்தப் பக்கமிருந்து வந்தான் என்று காற்றில் முதலில் பிடித்தது அதுவாகத்தான் இருக்கும். பெண்களின் ஜாதி என்ன என்று வில்லுப்பாட்டுகளே ஊருக்கு ஊர் மாற்றிப் பாடியிருக்கின்றன. பெண்கள் பிறப்பால் பிராமணர்கள்தான், பகடை எடுத்து வளர்த்தார் என்று ஒரு சேர்க்கை. நாய்க்கு அந்தச் சேர்க்கை தேவையில்லை. அதற்கு அவர்கள் மூன்று வாசனை, அவ்வளவுதான்.

இதை எழுதுகிற கை உங்களில் யாருக்காவது இருந்தால், எழுதுங்கள். முத்துப்பட்டன் கதை, நாய் சொல்வதாக. நாய்க்குத் தத்துவம் வேண்டாம், தீர்ப்பும் வேண்டாம். சொரிமுத்தையனார் கோயிலில் ஒரு ஆடி அமாவாசைக்குத் தங்கி வில்லுப்பாட்டை முழுசாகக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். தமிழில் நாயே சொல்கிற கதை வேறு ஏதாவது நீங்கள் படித்திருந்தால், கதையின் பெயரும் எழுதியவர் பெயரும் எனக்கு அனுப்புங்கள். வாங்கிப் படிக்கிறேன். வீட்டில் பேச்சு வாங்க இன்னொன்று ஆயிற்று.